கறையான் எத்தனால் காய்ச்சுவதில்லை

ஆடி, ஆவணியில் வயலுக்கு எரு அடிக்கக் குப்பைக்குழியை வெட்டும்போது மண்வெட்டியில் தட்டுப்படும் வெள்ளைப் புழுவை இராமநாதபுரம் சீமையில் பார்க்காத விவசாயி இருக்க முடியாது. கட்டைவிரல் பருமன், கொக்கிபோல வளைந்த உடல், செம்பழுப்புத் தலை. காண்டாமிருக வண்டின் புழு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முக்கால் உடம்பு பால்வெள்ளையாகவும், பின்பகுதி மட்டும் தோலுக்கு அடியில் கருஞ்சாம்பலாகவும் தெரியும். அந்தக் கறுப்புதான் பின்குடல். மட்கிய வைக்கோலும் சாணி நாரும் அடைத்து வைத்த, நடுவில் காற்றே இல்லாத ஒரு தொட்டி. உள்ளே கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள்.

பூச்சிக் குடல் பாக்டீரியாவைக் கொண்டு தாவரக் கழிவை எரிபொருளாக்கலாம் என்ற செய்தி வரும்போதெல்லாம் கதை ஒரே மாதிரி ஓடும்: கறையான் மரத்தைத் தின்கிறது, அதன் குடலில் பாக்டீரியா இருக்கிறது, அதைப் பிடித்து வைக்கோலில் விட்டால் எத்தனால் வரும், அதைப் பெட்ரோலில் கலக்கலாம். நடுவில் ஒரு பெரிய தாண்டல் இருக்கிறது. கறையான் குடலோ வண்டுப் புழுவின் குடலோ எத்தனால் தயாரிக்கும் இடமே அல்ல. அங்கே முக்கியமாக உண்டாவது அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரின் புளிப்பு. அதைத்தான் பூச்சி குடல் சுவர் வழியாக உறிஞ்சி உயிர்வாழ்கிறது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால், தண்ணீரும் இல்லாத, இருக்கிற தண்ணீரும் உப்பாகிப்போன இந்தக் கடற்கரைக்கு எது சரிப்படும் என்பது தெளிவாகிவிடும்.

முதலில் கழிவைப் பார்ப்போம். காய்ந்த வைக்கோலில் ஏறக்குறைய 35 சதவீதம் செல்லுலோஸ். குளுக்கோஸைக் கோத்துக் கோத்துச் செய்த கயிறு அது. 20 முதல் 25 சதவீதம் ஹெமிசெல்லுலோஸ். இதில் பெரும்பங்கு சைலோஸ் என்ற இன்னொரு சர்க்கரை. இந்த இரண்டையும் சுற்றிப் பூசிய சாந்து லிக்னின். வைக்கோலில் லிக்னின் குறைவு, ஆனால் சிலிக்கா அதிகம். கருவேலங்கட்டையில் லிக்னின் நிறைய. செல்லுலோஸை அறுக்கும் நொதி நம்மிடம் இல்லாமல் இல்லை. சாந்தைத் தாண்டி அது கயிற்றைத் தொட முடியவில்லை என்பதுதான் சிக்கல்.

பூச்சி இதை மூன்று படியில் தீர்க்கிறது. முதல் படி அரைப்பு. கறையான் மரத்தை மாவாக, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் சிறிய துகளாக அரைத்துவிடுகிறது. இரண்டாவது காரம். வண்டுப் புழுக்களின் நடுக்குடலில் பிஎச் 10க்கு மேல் போகும். மண் தின்னும் சில கறையான்களின் குடலில் ஒரு பகுதி 12ஐயும் தாண்டுகிறது. இது சுண்ணாம்புத் தண்ணீரின் காரம். ஹெமிசெல்லுலோஸையும் லிக்னினையும் ஒட்டவைத்திருக்கும் எஸ்டர் பிணைப்புகள் அந்தக் காரத்தில் விட்டுக்கொடுக்கும். மூன்றாவதாகத்தான் பின்குடல் பாக்டீரியா வருகிறது. முதல் இரண்டு படியையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தால் பூச்சி செய்வதில் பாதிகூட நடக்காது.

கறையான்களிலும் ஒரே ரகம் இல்லை. வீட்டு மரச்சாமானையும் காய்ந்த கட்டையையும் தின்னும் பழைய வகைக் கறையான்களின் குடலில் பாக்டீரியாவோடு ஒற்றைச் செல் உயிர்களும் இருந்து மரத்துகளை விழுங்கிச் செரிக்கின்றன. கறையானே தன் எச்சில் சுரப்பியிலும் குடலிலும் செல்லுலேஸ் நொதியைச் சுரக்கிறது என்பதும் 1998ல் உறுதியாயிற்று. நம் வயல் வரப்பில் புற்றுக் கட்டும் கறையான் வேறு சாதி. அது பூஞ்சை வளர்ப்பது. புற்றுக்குள்ளே மூளை மடிப்புபோல ஒரு தோட்டம்; இளம் வேலைக்காரக் கறையான்கள் சருகைத் தின்று ஒருமுறை வெளியேற்றியதை அடுக்கி, அதில் பூஞ்சையை வளர்த்து, சில வாரம் கழித்துப் பழைய பகுதியை மூத்தவை தின்கின்றன. லிக்னினை உடைக்கும் வேலையைப் பெருமளவு அந்தப் பூஞ்சை, காற்றின் துணையோடு, குடலுக்கு வெளியிலேயே முடித்துவிடுகிறது. மழை விட்டதும் புற்றில் முளைக்கிற காளான் அதன் பூதான். ஆகவே புற்றுக் கறையானின் குடலை மட்டும் எடுத்துவந்து "இது ஏன் கட்டையைக் கரைக்கவில்லை" என்று கேட்பது, சமையல்காரரை வீட்டிலேயே விட்டுவிட்டு விருந்தாளியைக் கூட்டிவந்து சோறு கேட்பது மாதிரி.

குடல் பாக்டீரியா பற்றி இன்று தெரிந்ததில் பெரிய பங்கு 2007ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்விலிருந்து தொடங்குகிறது. கோஸ்டா ரிகா காட்டில் மரம் தின்னும் நாசுட்டிடெர்மிஸ் கறையானின் பின்குடல் திரவத்திலிருந்து மொத்த டிஎன்ஏவையும் படித்தார்கள். ஒரு கறையானுக்கு ஒரு மைக்ரோலிட்டர்தான் தேறும். சர்க்கரைச் சங்கிலியை அறுக்கும் நொதிகளுக்கான பகுதிகள் 700க்கு மேல், 45 குடும்பங்களில் கிடைத்தன. சுருள் வடிவ ஸ்பைரோகீட்டுகளும் ஃபைப்ரோபாக்டர் கூட்டமும் அங்கே ஆதிக்கம். அவற்றில் பெரும்பாலானவை, ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்கும் கூழான அகார் தட்டில் வளராதவை.

இந்தக் கடைசி வரியைத்தான் நம் கல்லூரிகளில் நடக்கும் திட்டப்பணிகள் மறந்துவிடுகின்றன. வழக்கமான முறை இது. கறையானை 70 சதவீத எத்தனாலில் ஒரு நிமிடம் முக்கிக் கழுவி, ஓர் இடுக்கியால் தலையையும் இன்னொன்றால் கடைசிக் கணுவையும் பிடித்து மெல்ல இழுத்தால் குடல் ஈரநூல்போல வெளியே வரும். 50, 100 குடல்களைச் சேர்த்து உப்புக்கரைசலில் நசுக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, 1 சதவீத சிஎம்சி கலந்த அகாரில் பரப்பி, 30 டிகிரியில் இரண்டு நாள் வைக்க வேண்டும். பிறகு 0.1 சதவீத காங்கோ ரெட் சாயத்தை 15 நிமிடம் ஊற்றி, 1 மோலார் உப்புக்கரைசலில் கழுவினால், சிவப்புத் தட்டில் சில காலனிகளைச் சுற்றி வெளிர்மஞ்சள் வளையம் விழும். அந்த வளையத்தோடு கட்டுரை முடிந்துவிடும்.

வளையம் சொல்வது கொஞ்சம்தான். சிஎம்சி என்பது தண்ணீரில் கரையும்படி மாற்றிய செல்லுலோஸ். சாந்து பூசாத, அவிழ்த்துப் போட்ட கயிறு. அதை அறுப்பவை எல்லாம் வைக்கோலை அறுக்காது. காற்றில் வளரும் பாசில்லஸ், என்டெரோபாக்டர், கிளெப்சியெல்லா போன்றவைதான் தட்டில் முந்திக்கொண்டு வரும். மண்ணோடு குடலுக்குள் வந்துபோகும் வழிப்போக்கர்களும் அவற்றில் உண்டு. கிளெப்சியெல்லா, செர்ராஷியா வகைகள் மனிதருக்கு நோய் தரக்கூடியவை, பெரிய தொட்டியில் வளர்க்க ஏற்றவை அல்ல. குடலின் நடுவில் இருக்கும் உண்மையான வேலைக்காரர்களுக்கு ஆக்சிஜன் நஞ்சு. அவற்றை வளர்க்க நைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய மூடிய குப்பி, மீந்த ஆக்சிஜனை நீக்கும் சிஸ்டீன், ஆக்சிஜன் புகுந்தால் இளஞ்சிவப்பாகிக் காட்டிக்கொடுக்கும் ரெசாசுரின் எல்லாம் வேண்டும்.

வளையத்துக்கு அடுத்தபடியாக வடிதாள் சோதனை செய்தே ஆகவேண்டும். 50 மில்லிகிராம் எடையுள்ள 1×6 செ.மீ. வாட்மன் ஒன்றாம் எண் தாள் துண்டு, 1 மில்லி பஃபர் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்), அரை மில்லி நொதி, 50 டிகிரியில் ஒரு மணி நேரம். பிறகு, வெளிவந்த சர்க்கரையை நிறமாகக் காட்டும் டிஎன்எஸ் 3 மில்லி சேர்த்து 5 நிமிடம் கொதிக்கவைத்து 540 நானோமீட்டரில் அளவு. இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இந்தச் சோதனை பிஎச் 4.8க்கு எழுதப்பட்டது, பூஞ்சை நொதிகளை மனத்தில் வைத்து. குடல் பாக்டீரியாவின் நொதி பல சமயம் பிஎச் 6, 7ல்தான் நன்றாக வேலை செய்யும். 4.8ல் அளந்துவிட்டு உதவாது என்று தூக்கிப்போட்ட நல்ல வகைகள் உண்டு. வளர்ப்பு ஊடகத்தில் மீந்த சர்க்கரையை நீக்காமல் அளந்து, இல்லாத திறமையைப் பாராட்டுவதும் நடக்கிறது.

எத்தனால் கணக்கு

சரி, நல்ல நொதி கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு டன் காய்ந்த வைக்கோலில் 350 கிலோ செல்லுலோஸ். அது முழுதும் உடைந்தால் 389 கிலோ குளுக்கோஸ். நடைமுறையில் முக்கால் பங்கு உடைந்தால் 290 கிலோ. ஈஸ்ட் ஒரு கிலோ குளுக்கோஸிலிருந்து அதிகபட்சம் 0.51 கிலோ எத்தனால் தரும். அதில் 90 சதவீதம் எட்டினால் 134 கிலோ, அதாவது சுமார் 170 லிட்டர். 2022 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட பானிப்பட் வைக்கோல் எத்தனால் ஆலைக்குச் சொல்லப்பட்ட கணக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால். டன்னுக்கு 150 லிட்டர். கணக்கு ஒத்துப்போகிறது. சைலோஸை சாதாரண ஈஸ்ட் தொடுவதில்லை என்பதால் அந்தப் பங்கு இதில் சேரவில்லை.

இடிப்பது வேறு இடத்தில். அரைத்த வைக்கோலைப் பத்துக்கு ஒன்று என்று தண்ணீரில் கரைத்தால் பத்து டன் குழம்பில் 134 கிலோ எத்தனால், 1.3 சதவீதம். காய்ச்சி வடிப்பது கட்டுப்படியாக 4 சதவீதமாவது வேண்டும். தண்ணீரைக் குறைத்தால் குழம்பு களிபோல இறுகி, கலக்கியின் மோட்டார் திணறும். நொதி எல்லா இடத்துக்கும் போகாது. அடுப்புக்கும் கொதிகலனுக்கும் நல்ல தண்ணீர் தனியாக வேண்டும். பானிப்பட் போன்ற நெல் வட்டாரத்தில், டன் கணக்கில் வைக்கோல் எரிக்கப்படுகிற இடத்தில், இந்தப் பாடெல்லாம் பட்டுப் பார்க்கலாம். இங்கே திருவாடானையிலும் ஆர்.எஸ். மங்கலத்திலும் விளைகிற வைக்கோல் கழிவே அல்ல. படப்பு போட்டு வைத்து, கோடையில் மாட்டைக் காப்பாற்றுகிற சரக்கு. நாரை பறக்க முடியாத நாற்பத்தெட்டு மடைக் கண்மாயே காய்ந்து கிடக்கிற வருடத்தில் வைக்கோலை யாரும் ஆலைக்குத் தரமாட்டார்கள்.

இங்கே உண்மையில் கழிவு எது என்று பட்டியல் போட்டால் வேறு முகம் தெரியும். முதுகுளத்தூர், கமுதி பக்கம் முண்டு மிளகாய் ஓய்ந்தபின் வயலில் நிற்கிற கட்டைச் செடி. சாயல்குடி பனங்காட்டில் விழும் ஓலை, மட்டை, பன்னாடை. தென்னை மட்டை. சீமைக்கருவையின் சிறுசுள்ளி. கரையில் ஒதுங்கும், மீனவர்கள் தாழை என்று சொல்லும் கடற்புல், கூடவே கடல்பாசி. இவற்றில் சிலவற்றுக்குப் பூச்சிக் குடலே தேவையில்லை. கருவை விறகு கரிமூட்டத்துக்கும் கொதிகலனுக்கும் போவதுதான் நியாயம். அத்தனை லிக்னினோடு நுண்ணுயிரை மல்லுக்கட்டச் சொல்வது வீண். கருவை நெற்றில் சர்க்கரை தானாகவே இருக்கிறது, ஈஸ்ட் போதும், ஆனால் ஆடு அதற்கு முன்பே வந்துவிடும். கடல்பாசியில் லிக்னின் கிடையாது; அது வேறு வேதியியல். மிளகாய்க் கட்டையும் பனை, தென்னை மட்டையும்தான் குடல் பாக்டீரியாவுக்கு ஏற்ற இலக்கு.

குடலைப்போல ஒரு தொட்டி

குடல் தருவது அசிட்டிக் அமிலம் என்றோம். மீத்தேன் தரும் நுண்ணுயிர்களுக்குப் பிடித்த தீனியும் அதுவே. ஆகவே குடலின் வரிசையை அப்படியே நீட்டினால் வந்து சேருவது சாண எரிவாயுக் கலன். வடிக்க வேண்டாம், கிருமி நீக்க வேண்டாம், சைலோஸும் வீணாகாது. ஒரு டன் வைக்கோலில் எரியக்கூடிய கரிமப் பொருள் 800 கிலோ, கிலோவுக்கு 0.2 கன மீட்டர் என்று தாழ்த்திப் போட்டாலும் 160 கன மீட்டர் மீத்தேன், ஏறக்குறைய 5,700 மெகாஜூல். ஒன்பது சமையல் சிலிண்டர் அளவு. அதே டன்னின் 170 லிட்டர் எத்தனாலில் 3,600 மெகாஜூல், அதுவும் காய்ச்சும் செலவைக் கழிக்காமல்.

அமைப்பு இரண்டு அறை. ஒன்றில் கழிவுக் குவியல், மேலே தார்ப்பாயோ கான்கிரீட் மூடியோ போட்டுக் காற்றுப் புகாமல். குவியல் மேல் தண்ணீர் சொட்டி, அடியில் வடியும் புளித்த சாறு இரண்டாவது தொட்டிக்குப் போய், அங்கே வாயுவாகி, மீந்த நீர் திரும்பக் குவியலுக்கே வரும். முதல் அறை புழுவின் பின்குடல் என்றால், இரண்டாவது அறை புழுவிடம் இல்லாத கூடுதல் வயிறு. வழக்கமான சாணக் கலனுக்கு 8 சதவீதக் குழம்பு வேண்டும்; டன்னுக்கு 11 டன்னுக்கு மேல் தண்ணீர். சொட்டுக் குவியலில் 25 சதவீதம் வரை திடப்பொருள் தாங்கும், மூன்று டன் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி விட்டால் போதும்.

அரைப்பு இங்கே கறையான் அளவுக்கு வேண்டாம், கூடவும் கூடாது. மாவாக அரைத்தால் குவியல் சேறாகி நீர் இறங்காது. நீளமாக விட்டால் நீர் ஒரே பாதையில் ஓடிவிடும், மற்ற இடம் காய்ந்தே கிடக்கும். 2 முதல் 5 செ.மீ. துண்டு, நடுநடுவே மட்டைத் துண்டுபோல முரட்டுப் பொருள்.

காரத்துக்குச் சுண்ணாம்பு. 100 கிலோ காய்ந்த கழிவுக்குப் 10 கிலோ நீற்றிய சுண்ணாம்பு, கழிவு முழுதும் நனையும் அளவு தண்ணீர், மூடிவைத்து இரண்டு மூன்று வாரம். மாட்டுத் தீவனத்துக்கு 100 கிலோ வைக்கோலில் 4 கிலோ யூரியா கரைத்துத் தெளித்து 21 நாள் மூடிவைப்பார்களே, அதே வேதியியல்தான். யூரியா அமோனியாவாகிக் காரம் தருகிறது. கட்டைக்கு அது போதாது. காஸ்டிக் சோடா வேகமாக வேலை செய்யும் என்று பலர் அதற்குப் போவார்கள். இந்தக் கரையில் அது தவறு. நூற்றுக்கு 5 கிலோ காஸ்டிக் போட்டு, லிட்டருக்கு 80 கிராம் கழிவு உள்ள குழம்பாக்கினால், லிட்டருக்கு 2.3 கிராம் சோடியம் அதிலிருந்தே வரும். கிணற்றுத் தண்ணீரில் ஏற்கெனவே ஒன்றரை கிராம் இருந்தால் மொத்தம் 3.8. மீத்தேன் நுண்ணுயிர்கள் 3.5 கிராமுக்கு மேல் தளரத் தொடங்கும், 8 கிராமில் படுத்துவிடும். கடல்நீரில் 10.8. சுண்ணாம்பு சோடியத்தைக் கூட்டாது. அதன் கோளாறு வேறு: குழாயில் கல்லாகப் படியும். கழிவின் பிஎச் 8க்கு இறங்கும்வரை காத்திருந்து குவியலில் போட்டால் படிவு குறையும். கழுவ வேண்டாம், கழுவினால் கரைந்த சர்க்கரையும் தண்ணீரும் ஒன்றாகப் போகும்.

விதைக்கு, அதாவது குவியலில் பாக்டீரியாவைத் தொடங்கிவைக்க, வண்டுப் புழுவின் எச்சம். கறையானில் மைக்ரோலிட்டர் கணக்கு; குப்பைக்குழியில் தென்னையைக் காப்பாற்ற எப்படியும் பொறுக்கி எடுக்கிற புழுக்களின் எச்சம் வாளிக் கணக்கு. அவரை விதைபோலக் கெட்டியான, பழுப்பு உருண்டைகள். காய்வதற்கு முன், எடுத்த அன்றே, சாணிக் கரைசலில் போட்டு மூடிவிட வேண்டும். வெயிலில் கிடந்தால் காற்றுக்கு அஞ்சும் வகைகள் செத்து, வித்து போடும் வகைகள் மட்டும் மீளும். உயிர்ப் புழுவைத் தொட்டியில் விடக்கூடாது. ஒன்று வண்டாகிப் பறந்தாலும் பக்கத்துத் தோப்புக்காரர் சண்டைக்கு வருவார், நியாயமாகவே.

விதை போட்ட முதல் வாரம் வேகம் தெரியும், மூன்றாவது வாரம் பழைய நிலைக்கே வந்துவிடும். இது வழக்கமாக நடப்பது. வெளியிலிருந்து விட்ட பாக்டீரியாவைத் தொட்டியிலேயே இருப்பவை தின்று, முந்தி, வெளியேற்றிவிடும். குடலில் அவை நிலைப்பது சுவரில் ஒட்டிக்கொள்வதாலும், பூச்சி ஒன்றுக்கொன்று ஊட்டி மறுபடி மறுபடி விதைப்பதாலும். நாமும் அதையே செய்யலாம்: சிறு டிரம் ஒன்றில் விதையைத் தனியே காத்து ஒவ்வொரு குவியலுக்கும் புதிதாக ஊற்றுவது, ஒட்டிக்கொள்ள இடம் தருவது. கரிமூட்டக்காரர்கள் சல்லடையில் கழித்துப்போடும் கரித்துண்டுகளை இரண்டாவது தொட்டியில் நிரப்பலாம். பிடிமானம் கிடைப்பதோடு, மீத்தேன் கூட்டங்களுக்கு இடையே எலெக்ட்ரான் கைமாறவும் கரி உதவுகிறது.

நைட்ரஜன் பற்றாக்குறை கட்டைக் கழிவின் கூடப்பிறந்த நோய். கறையான் குடலில் காற்று நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியா இருக்கிறது. நம் தொட்டியில் அதை நம்ப முடியாது. கார்பன் நைட்ரஜன் விகிதம் 30க்கு அருகில் வேண்டும், வைக்கோல் தனியாக 65, 70ல் நிற்கும். மீன் கழிவில் நூற்றுக்கு 2.5 பங்கு நைட்ரஜன் என்று வைத்தால், 100 கிலோ காய்ந்த கழிவுக்கு 30 முதல் 40 கிலோ ஈர மீன் கழிவு சேர்த்தால் சரியாகும். தொண்டியிலும் மண்டபத்திலும் அதற்குப் பஞ்சமில்லை. கடல்நீரில் அலசிய கழிவு வேண்டாம். உப்போடு சல்பேட்டும் வரும். சல்பேட் தின்னும் பாக்டீரியா மீத்தேன்காரர்களின் தீனியைப் பறித்து அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடைத் தரும். அடுப்பு பர்னர் கறுத்து அரித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஒதுங்கிய தாழையைச் சேர்ப்பதாக இருந்தாலும் ஒரு மழையில் நனையவிட்டுச் சேர்க்கவேண்டும்.

தினமும் பார்க்க வேண்டியது குவியலிலிருந்து வடியும் சாற்றின் பிஎச். 5.5க்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் தம் புளிப்பிலேயே முடங்குகின்றன. சுற்றை வேகப்படுத்தி, இரண்டாவது தொட்டியின் நீரை அதிகம் திருப்பிவிட வேண்டும். மாறாக இரண்டாவது தொட்டி 6.8க்குக் கீழே இறங்கினால் வருகிற சாற்றை அதனால் தாங்க முடியவில்லை; சாறு விடுவதை இரண்டு நாள் நிறுத்தவேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, எந்தத் தொட்டி புளித்தாலும் சுண்ணாம்பை அள்ளிப் போடுவதுதான் பெரும்பாலான கலன்கள் சாகும் வழி.

தண்ணீரைச் சுற்றவிடுவதால் உப்பு சுற்றுக்குச் சுற்று ஏறும். ஒவ்வொரு குவியலும் முடிந்தபின் கால் பங்கு நீரை எடுத்துவிட்டு மழைநீர் சேர்ப்பது ஒரு வழி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைக் கூரையிலிருந்து பிடித்து வைத்திருந்தால். எடுத்த நீரில் சத்து இருக்கிறது, உப்பும் இருக்கிறது. அதை மிளகாய் நாற்றங்காலில் ஊற்றினால் இலை நுனி இரண்டே நாளில் கருகும். தென்னைக்கு, மழைக்கு முன்னால், தூரிலிருந்து தள்ளி வட்டப்பாத்தியில் விடலாம், பனைக்கும் விடலாம்.